ரியோஹா சிவப்பு ஒயின்: ஆட்டுக்குட்டி இறைச்சிக்குக் கிரியான்சாவா, கிரான் ரெசர்வாவா?

கேள்வி (மாட்ரிட்வாசி):
அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் ரியோஹா ஒயின் வட்டாரத்தில், லோக்ரோன்யோ நகரில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் என்னை விருந்துக்கு அழைத்திருக்கிறார். முதலில் சோரிசோ (மிளகாய்த்தூள் சேர்த்த பன்றித் தொத்திறைச்சி) போட்ட உருளைக்கிழங்குக் குழம்பு. பிறகு, காய்ந்த திராட்சைக்கொடிச் சுள்ளிகளின் தணலில் சுட்ட ஆட்டுக்குட்டி விலா இறைச்சி. அந்த ஊர்க்காரருக்கே ரியோஹா வாங்கிப் போவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதுதான் என்றாலும், வெறுங்கையோடு போக மனமில்லை. கடையில் கிரியான்சா, ரெசர்வா, கிரான் ரெசர்வா என மூன்று வகை இருக்கின்றன. விலை கூடக் கூடத் தரமும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி (எப்ரோக்கரை):
இவை முதன்மையாக முதிர்ச்சியைக் குறிக்கும் பெயர்கள். கிரியான்சா குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் ஓராண்டு ஓக் பீப்பாயில். ரெசர்வாவுக்கு 3 ஆண்டுகள். அதிலும் ஓராண்டாவது பீப்பாயில், 6 மாதமாவது புட்டியில். கிரான் ரெசர்வாவுக்கு 5 ஆண்டுகள். பீப்பாயில் 2, புட்டியில் 2 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. புட்டியின் பின்புற முத்திரைச் சீட்டு கிரியான்சாவுக்குச் சிவப்பு, கிரான் ரெசர்வாவுக்குக் கருநீலம் என்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்.

பெரும்பாலும் டெம்ப்ரனீயோ திராட்சைதான் அடிப்படை. வாயில் உணரும் கனத்துக்குக் கர்னாச்சா திராட்சையும் புளிப்புக்கும் மணத்துக்கும் கிராசியானோ திராட்சையும் சேர்ப்பார்கள். இளமையில் செர்ரி, பிளம் பழ மணம் முன்னிற்கும். மரபான தயாரிப்பாளர்கள் விரும்பும் அமெரிக்க ஓக் பீப்பாய் வனிலாவையும் தேங்காயையும் நினைவூட்டும் வாசனையைத் தரும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பழ மணம் பின்வாங்கிப் பதனிட்ட தோல், புகையிலை, காய்ந்த இலை போன்ற மணங்கள் மேலெழும், துவர்ப்பும் மென்மையாகிவிடும்.

மறுமொழி (அடுப்படி):
முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். ஆனால் உங்களுக்குத் தேவையான விடை சமையலறையில் இருக்கிறது. அந்தக் குழம்புக்கு உருளைக்கிழங்கை முழுவதும் வெட்டாமல், கத்தியைப் பாதிவரை இறக்கிப் பின் பிளந்தெடுப்பார்கள். சொரசொரப்பான அந்த முகத்திலிருந்து மாவு கசிந்து குழம்பைத் தடிப்பாக்கும். சோரிசோவின் கொழுப்பும் சிவப்பு மிளகாய்த்தூளும் அதில் கலந்திருப்பதால், பழச்சுவை துடிப்பாக உள்ள கிரியான்சாதான் அதற்குத் தாக்குப்பிடிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு முதிர்ந்த கிரான் ரெசர்வாவை அந்தக் கிண்ணத்தின் அருகே வைத்தால், அதன் நுண்மணம் எல்லாம் மிளகாயின் அடியில் புதைந்துபோகும்.

சுட்ட விலா இறைச்சிக்கு ரெசர்வாவே என் தேர்வு. உப்பு மட்டும் தூவிச் சுட்ட கொழுப்புள்ள இறைச்சியோடு ஒயினின் துவர்ப்பு கடுமை இழக்கும். கொழுப்பின் கனமும் வாயில் தங்காது. தணலின் புகைமணம் பீப்பாயின் மணத்தோடு இயல்பாகச் சேரும். கிரான் ரெசர்வா வாங்கினால், உணவு முடிந்தபின் முதிர்ந்த செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியோடு பரிமாறச் சொல்லுங்கள். விலை கூடினால் இந்த விருந்துக்குப் பொருத்தமும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாட்ரிட்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் கிரியான்சா ஒன்று, ரெசர்வா ஒன்று என முடிவு செய்கிறேன். முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டுமா?

மறுமொழி (எப்ரோக்கரை):
கிரியான்சாவுக்குத் தேவையில்லை. ரெசர்வாவை அரைமணி நேரம் முன்னதாகத் திறந்தால் போதும். அதைவிட முக்கியம் வெப்பநிலை: 16 முதல் 18 பாகை செல்சியஸுக்குள் இருக்கட்டும். கோடைக்கால அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹாலின் நெடிதான் மூக்கில் ஏறும். ஆகவே பரிமாறுவதற்கு முன் கால்மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்கத் தயங்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டும் புட்டிகளை விட்டுவிடாதீர்கள்.