மறுமொழி: பலிப்பட்டி வேண்டாம், ‘மிதிதாங்கி’ எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

குதிரை வளர்ப்புக் கையேட்டை மொழிபெயர்த்துவரும் ஐயா கேட்ட ‘சாக்ரிஃபைஸ் பேடக்’ (மற்ற மேய்ச்சல் நிலங்களைக் காப்பதற்காக, கெட்டாலும் பரவாயில்லை என்று குதிரைகளை நிறுத்திவைக்கும் ஒரு துண்டு நிலம்) என்ற சொல்லுக்கு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். பலிப்பட்டி, தியாகப்பட்டி, ஒதுக்குப்பட்டி, கட்டாந்தரை, கொறங்காடு என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஐந்திலும் எனக்கு நிறைவில்லை.

பலிப்பட்டி என்றால் நம் ஊரில் கிடாவெட்டுதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு ஐயனார் கோயிலில் குதிரையும் நிற்கிறது. குதிரையைத்தான் பலி கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று வாசகர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தியாகப்பட்டியில் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. அதை விடுவோம்.

> புல் வளரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு எதற்குத் தனியாக ஒரு நிலம்?

அம்மா கேட்ட இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லே இதற்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இங்கிலாந்து, அயர்லாந்து மேய்ச்சல் நிலங்களில் பெரும்பாலும் ரைகிராஸ் புல். மண்ணின் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை அது வளர்வதே இல்லை என்று சொல்லலாம். அயர்லாந்தில் உரமிட்டு நன்றாகப் பராமரிக்கும் மாட்டுப்பண்ணைகளிலேயே மார்ச் மாதத்தில் ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டால் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 10, 20 கிலோ புல்தான் வளரும். மே மாதத்தில் அதே நிலம் 80 கிலோவைத் தொடும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு, அதே ஈரம் கழித்த கணக்கில், சுமார் 10 கிலோ தீவனம் வேண்டும். பிரிட்டனில் ஹெக்டேருக்கு இரண்டு குதிரை என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் தேவை 20 கிலோ. உரம் போடாத சாதாரணக் குதிரைப்பட்டியில் மார்ச் மாதம் அதில் பாதிகூட முளைக்காது. பிரிட்டனில் 2013 மார்ச், 1962க்குப் பிறகு வந்த மார்ச்சுகளிலேயே குளிர் மிகுந்தது. 2018இல் பிப்ரவரி கடைசியில் பெரும் பனி கொட்டி, ஏப்ரலிலும் புல் எழும்பாமல், அயர்லாந்து வெளியிலிருந்து தீவனம் இறக்கியது.

சரி, புல் குறைவு. வைக்கோலோ உலர்புல்லோ போட்டுவிட்டு, குதிரையை அதே நிலத்தில் உலவவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். மாட்டுக்கு முன்பக்கத்தில் மேல்பல் கிடையாது; நாக்கால் சுருட்டி இழுத்துத் தின்னும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. தரையை ஒட்டிக் கத்தரித்துவிடும். ரைகிராஸில் ஒரு தண்டுக்கு மூன்று இலைதான் பச்சையாக நிற்கும். நாலாவது வரும்போது முதலாவது காய்ந்துவிடும். மேய்ந்தபின் வரும் முதல் இலையை, அடித்தண்டில் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழித்துத்தான் புல் விரிக்கிறது. மே மாதத்தில் ஓர் இலை விரிய ஒரு வாரம், பத்து நாள். குளிர்ந்த மார்ச்சில் மூன்று வாரம்கூட ஆகும். அந்த முதல் இலை எட்டிப்பார்த்ததுமே குதிரை மறுபடியும் கடித்தால், அடியில் இருந்த சேமிப்பும் போகும். தூர் மெலியும், இடைவெளியில் களை ஏறும். ஈரமண்ணில் குளம்பு பதிந்து சேறாவது தனிக்கதை.

இதனால்தான் அனுபவசாலிகள் ஒரு துண்டு நிலத்தை மட்டும் ‘இது போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் குதிரைகள் அதில்தான் நிற்கும். உலர்புல்லும் தண்ணீரும் அங்கேதான். மற்ற பட்டிகளில் புல் 10, 15 சென்டிமீட்டர் உயரும்வரை வாசலைத் திறப்பதில்லை. திறந்து மேயவிட்டு, 5 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் அடுத்த பட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆக, இந்த ஒரு துண்டு எல்லா மிதியையும் தான் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காக்கிறது.

இந்த வேலையைச் செய்யும் பொருளுக்குத் தமிழில் பெயர் வைக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. இடியைத் தான் வாங்கிக்கொண்டு கட்டடத்தைக் காப்பது இடிதாங்கி. வழிப்போக்கரின் சுமையை ஏற்றுக்கொள்ளும் கல் சுமைதாங்கி. அந்த வரிசையில் ‘மிதிதாங்கி’ என்பது என் பரிந்துரை. தெளிவு வேண்டிய இடத்தில் ‘மிதிதாங்கிப் பட்டி’. பட்டி என்ற சொல்லை நம் ஆட்டுப்பட்டியும் ஈழத்துப் பட்டிப்பொங்கலும் இரு கரையிலும் பழக்கிவைத்திருக்கின்றன. மலையாளத்தில் அது நாய் என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

> மிதி மட்டும்தானா? வாயால் வரும் சேதத்தைச் சொல் காட்டவில்லையே.

தனிமடலில் ஒருவர் கேட்டது இது. நியாயம்தான். ஆனால் ஒரு கலைச்சொல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. அந்த நிலத்தைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது குளம்புத் தடம்; அது போதும்.

> காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டையே எடுத்தாளலாமே?

ஆசைதான், ஆனால் பொருந்தாது. கொறங்காடு என்பது கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் கிளுவை வேலியுமாகப் பேணி வளர்க்கிற மேய்ச்சல் நிலம். நம் சொல்லுக்குரியதோ புல்லே வேண்டாம் என்று விட்ட இடம். பொருள் தலைகீழாகிவிடும். இன்னொரு வேறுபாடும் இருக்கிறது: கொழுக்கட்டைப்புல், அறுகு போன்ற வெப்பநாட்டுப் புற்கள் மிச்சச் சர்க்கரையை மாவுச்சத்தாக வைத்துக்கொள்கின்றன. ரைகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புற்கள் ஃபிரக்டான் என்ற வேறொரு சர்க்கரை வடிவில் வைத்துக்கொள்கின்றன.

கையேட்டில் இந்த ஃபிரக்டான் வரும் பத்தியை ஐயா கவனமாக மொழிபெயர்க்க வேண்டும். ‘புல் வளரவில்லை, ஆகவே பயமில்லை’ என்று படிப்பவர் எடுத்துக்கொண்டால் ஆபத்து. இரவில் உறைபனி, பகலில் நல்ல வெயில் என்றால் இலை சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். குளிரில் வளர்ச்சி நின்றுபோனதால் அதைச் செலவழிக்க வழியில்லை. குட்டையாக, வாடினாற்போல் நிற்கும் புல்லில் அது தேங்கும். தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்று நம் விவசாயிகள் சொல்வார்களே, விஷம் வேறு என்றாலும் எச்சரிக்கை அதே மாதிரிதான். இன்சுலின் கோளாறுள்ள குட்டைக்குதிரைகளுக்கு இதனால் குளம்பு அழற்சி வரும். நடக்கவே முடியாமல் போகும். ‘காலையில் மூன்று மணி நேரம்தானே விட்டேன்’ என்பதும் உதவாது. நேரம் குறைவு என்று பழகிய குட்டைக்குதிரை அந்த மூன்று மணி நேரத்திலேயே ஒரு நாள் தீவனத்தில் ஐந்தில் இரண்டு பங்கை மேய்ந்துவிடும். எனவே மிதிதாங்கி நிலத்துக்கு மட்டுமல்ல, சில குதிரைகளுக்கும் காப்பு.

வரையறை எழுதும்போது, வடிகால் உள்ள மேட்டுப்பாங்கான இடம், வாசலுக்குப் பக்கம், மரச்சீவலோ மணலோ பரப்பலாம், சாணத்தை அன்றாடம் அள்ள வேண்டும் என்பனவற்றையும் சேர்த்துவிடுங்கள். சிக்கமோர் (ஐரோப்பிய மேப்பிள் வகை) மரத்தடியில் வைக்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடலாம். வசந்தத்தில் முளைக்கும் அதன் கன்றுகளைத் தின்று, தசை சிதைந்து குதிரைகள் செத்திருக்கின்றன. வேறு பச்சை இல்லாத இடத்தில் அதைத்தான் முதலில் கடிக்கும்.

பருவத்தின் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. ‘இளவேனில்’ என்று எழுதாதீர்கள். நம் இளவேனில் சித்திரை, வைகாசி. வெயில் ஏறும் காலம். கையேட்டின் அந்தப் பத்தியிலோ புல்மேல் பனி உறைந்து கிடக்கிறது. மார்ச், ஏப்ரல் என்று மாதப் பெயரையே போட்டுவிடுவது நல்லது.

மின்வேலியை நாளுக்கு நாள் சிறிது நகர்த்தி மேய்ப்பதற்குப் போன வாரம் வந்த ‘கீற்று மேய்ச்சல்’ நன்றாக இருக்கிறது, அதை முடித்துவிடலாம். அளவுக்கு மீறி மேயாதபடி குதிரை வாயில் மாட்டும் கூடைக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. போரடிக்கும் மாடுகளுக்குப் போட்ட வாய்க்கூடை இருக்கிறது. அடியில் ஓட்டை இருப்பதால் ‘துளை வாய்க்கூடை’ என்று எழுதினால் போதும். மிதிதாங்கிக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்; ஐயா அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம்.