மணாலி–லே சைக்கிள் பயணம்: குளிரும் நடுவழிக் காய்ச்சலும்

பொங்கோல் குமரன் கேட்டது:

செப்டம்பர் நடுவில் நானும் மைத்துனரும் மணாலியிலிருந்து இமயமலைக் கணவாய்கள் வழியாக லடாக்கிலுள்ள லே வரை சைக்கிளில் போகிறோம். கூடாரம், தூக்கப்பை, அடுப்பு எல்லாம் எங்கள் சைக்கிளிலேயே. பின்னால் வண்டி வராது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் மவுண்ட் ஃபேபர் ஏற்றத்திலும் பயிற்சி நடக்கிறது. கால் பலத்தைப் பற்றிக் கவலை இல்லை. குளிரில் சைக்கிள் மிதித்ததே இல்லை என்பதுதான் கவலை.

ஏற்றத்தில் வியர்த்து, இறக்கத்தில் நடுங்காமல் இருக்க என்ன உடுத்துவது? வழியில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் தொடர்ந்து ஓட்டலாமா? உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் 10 நாள் இருக்கிறது.

ஜூரோங் மாறன்:

உடையைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி, மருந்து விஷயத்தை மல்லிகா அக்காவிடம் விடுகிறேன்.

குளிரை விட ஈரம்தான் ஆளை வீழ்த்தும். உடம்போடு ஒட்டும் முதல் அடுக்கு மெரினோ கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். பருத்தி உள்ளாடைகூட வேண்டாம், நனைந்தால் காயாது. ஏற்றத்தில் அந்த ஒரு அடுக்கும், முன்புறம் திறந்துவிட்ட காற்றுத்தடுப்பு மேல்சட்டையும் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே இதமாக இருந்தால் அரை மணியில் சொட்டச் சொட்ட நனைந்துவிடுவீர்கள்.

கணவாய் உச்சிக்குப் போனதும் படம் எடுப்பதும் பிஸ்கட் பிரிப்பதும் பிறகு. முதலில் காற்று படாத பக்கமாக ஒதுங்கி, நனைந்த உள்சட்டையைக் கழற்றிக் காய்ந்ததை மாட்டுங்கள். அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றுத்தடுப்பு. காது மூடும் மெல்லிய தொப்பி ஹெல்மெட்டுக்கு அடியில். இறக்கத்தில் கால் வேலை செய்யாது, உடம்பு சூடு உண்டாக்காது. காற்று 0 டிகிரியில் இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 7. நெஞ்சுக்கும் மேல்சட்டைக்கும் நடுவே நாலைந்து தாள் செய்தித்தாளைச் செருகுவது பந்தய வீரர்களின் பழைய வழக்கம். எடையே இல்லாத காற்றுத்தடுப்பு.

கைதான் முக்கியம், ஏனென்றால் விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. மெல்லிய கம்பளி உறை, அதன்மேல் மருந்தகத்தில் விற்கும் நைட்ரைல் உறை, வெளியே தொளதொளப்பான காற்றுத்தடுப்பு உறை. இறுக்கமாக இரண்டு உறை மாட்டினால் இரத்த ஓட்டம் நின்று இன்னும் சில்லிடும். காலணிக்கும் இதே கதிதான்: தடித்த காலுறை போட்ட பிறகும் விரல் அசைய இடம் வேண்டும், அரை அளவு பெரிதாக வாங்குங்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் உள்ள காலணி வேண்டாம். உலோகம் பாதச் சூட்டை உறிஞ்சிவிடும், அதோடு சைக்கிளைத் தள்ளி நடக்கவும் தோதுப்படாது.

சிங்கப்பூரில் குளிரைப் பழக முடியாது, ஆனால் விறைத்த கையைப் பழகலாம். ஐஸ் தண்ணீர் வாளியில் ஒரு நிமிடம் கையை வைத்து எடுத்து, உடனே பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். எந்தக் கருவி வழுக்குகிறது, எந்த ஜிப் அகப்படவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ஜிப் ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்று வளையம் கட்டிவிடுங்கள்.

தூக்கப்பையில் 'கம்ஃபர்ட்' (இதமாகத் தூங்க முடிகிற குளிர்) அளவைப் பார்த்து வாங்குங்கள், 'லிமிட்' (ஒருவாறு தாங்குகிற குளிர்) அளவை நம்பாதீர்கள். மைனஸ் 10 கம்ஃபர்ட் இருந்தால் வழியில் உயரத்திலுள்ள சர்ச்சு முகாமில் தூக்கம் வரும். இறகுப் பை என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் சுருட்டி வைக்காதீர்கள், கட்டிதட்டிப் போகும்.

தாதி மல்லிகா:

மாறன் சொன்னது அத்தனையும் சரி. இனி உடம்பு.

மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக்கரகரப்பு, அதோடு காய்ச்சல் இல்லை என்றால் தட்டையான பாதையில் மெதுவாக ஓட்டலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சில் சளி, வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் சைக்கிளை நிறுத்துங்கள். காய்ச்சலோடு கடுமையாக மிதித்தால் இதயத்தசை வீங்கும் ஆபத்து உண்டு. பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டு ஏறவே கூடாது. கூடாரத்தில் படுத்திருக்கும்போது போடுங்கள், தவறில்லை. காய்ச்சல் தானாக இறங்கி ஒரு முழு நாள் ஆன பிறகு பாதித் தூரம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பயணம் எங்கும் போகாது, உடம்பு முதலில்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம், ஆளுக்கு 6 எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பொட்டலம் பெரும்பாலும் 1 லிட்டருக்கு, இங்கே விற்கும் சில 200 மில்லிக்கு. உறையைப் படித்துக் கலக்குங்கள். தீர்ந்துவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பெரமைடு மாத்திரை பேருந்தில் போகும்போது உதவும், ஆனால் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் தொடாதீர்கள். அசித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை தேவையா என்பதைப் பயண மருத்துவரிடம் இங்கேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிகட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழல் இழை வடிகட்டி ஒருமுறை பயன்படுத்திய பின் உறைந்தால் உள்ளே இழை வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு கிருமி தாராளமாகக் கடந்துவரும். இரவில் தூக்கப்பைக்குள் வையுங்கள். குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் மெதுவாக வேலை செய்யும், உறையில் போட்டதை விடக் கூடுதல் நேரம் காத்திருங்கள். கொதிக்க வைத்தால் 3 நிமிடம்.

மலைநோய்: 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டல், களைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் வேறு காரணம் உறுதியாகும்வரை அது மலைநோய்தான். சளி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் தொட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் வழி உடனே கீழே இறங்குவதுதான், இரவானாலும், கிடைத்த வண்டியில்.

2021இல் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) இருந்தால் எடுத்துப் போங்கள், ஆனால் விரல் சூடான பிறகே வையுங்கள். சில்லிட்ட விரலில் பொய்யான எண் காட்டும். எண் நன்றாக இருந்தாலும் அறிகுறி இருந்தால் அறிகுறியைத்தான் நம்ப வேண்டும்.

மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வழக்கமாக 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்கும் முந்திய நாளிலிருந்து. மருத்துவர் சீட்டு வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். விரல் ஊறுவது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பொங்கோல் குமரன்:

நன்றி அண்ணா, அக்கா. ஒரே ஒரு சந்தேகம். உடம்பு சரியில்லை என்றால் எந்த இடத்தில் திரும்புவது? அவசரத்துக்குச் செயற்கைக்கோள் செய்திக் கருவி எடுத்துப் போகலாமா?

ஈசூன் செந்தில்:

கருவி வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இந்தியாவில் சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். வெளிமாநிலத்தில் வாங்கிய பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் வழியிலுள்ள தார்ச்சா ஊரைத் தாண்டினால் நீண்ட தூரத்துக்குச் சிக்னல் இருக்காது. எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திரும்பும் இடம் ஜிங்ஜிங்பார். ஏறக்குறைய 4,270 மீட்டர். அதுவரை உடம்பு கெட்டால் கேலாங் மருத்துவமனைக்குப் பெரிய ஏற்றமில்லாமல் இறங்கிவிடலாம். அடுத்த நாள் 4,890 மீட்டர் பாரலாச்சாவைத் தாண்டிச் சர்ச்சு போய்விட்டால், திரும்ப அதே கணவாயை ஏற வேண்டும். அதைவிட மோசம் விஸ்கி நாலா. நக்கீ லாவுக்கும் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லாவுக்கும் ('லா' என்றால் கணவாய்) நடுவே பள்ளத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் தப்பிக்க நினைத்தாலும் முதலில் மேலே ஏறியாக வேண்டும். மலைநோய் உள்ளவருக்கு அது பொறி. ஜிங்ஜிங்பாரிலும் சர்ச்சுவிலும் காலையில் தலைவலி இருந்தால் அன்று ஏறாதீர்கள், குறையவில்லை என்றால் லாரி பிடித்துக் கீழே போங்கள்.

10 நாள் போதாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. கேலாங் 3,080, தார்ச்சா 3,360, பட்சியோ 3,800, பிறகு ஜிங்ஜிங்பார் என்று படிப்படியாகப் போய், பட்சியோவில் இரண்டு இரவு தங்குங்கள். பலர் தார்ச்சாவுக்கு முன்னுள்ள ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் சர்ச்சு வரை போய் அங்கே நோயில் படுத்துவிடுகிறார்கள். 12 நாள் ஓட்டத்துக்கு, 2 நாள் நோய்க்கு என்று 14 நாள் விடுப்புப் போடுங்கள். விடுப்பு கிடைக்காவிட்டால் கேலாங் வரை ஓட்டிவிட்டுத் திரும்புவது நல்லது. செப்டம்பர் கடைசியில் வழியோரக் கூடாரக் கடைகள் மூடத் தொடங்கும், அதனால் மாதத் தொடக்கத்திலேயே கிளம்பப் பாருங்கள்.

பயணக் காப்புறுதியில் உயர வரம்பு இருக்கிறதா, சைக்கிள் பயணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாங்லாங் லா 5,328 மீட்டர் என்று குறிப்பிட்டே கேளுங்கள்.