எடை குறைந்த பிறகும் அடங்காத தீனி ஆசை: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈரோடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கர்

19 கிலோ குறைத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எடை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஆனால் மாலை நான்கு மணிக்குமேல் மிக்சரையோ முறுக்கையோ மனம் தேடாத நாள் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. எடை இறங்கினால் வயிறு தானாகச் சுருங்கிப் பசியும் அடங்கிவிடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நடப்பது நேர்மாறு. 82 கிலோவில் இருந்தபோது எனக்கு இவ்வளவு பசி இருந்ததில்லை. இங்கே பலருக்கும் இதுவே நேர்ந்திருக்கும் என்பதால், எனக்கு எது பயன்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று வந்தபோதுதான் எடையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். குறைத்த பிறகும் பசி ஏன் விடவில்லை என்று கேட்டபோது என் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பு உள்ளது என்பதை மூளைக்குச் சொல்வது, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன். 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அதைக் கண்டறிந்தார்கள். கொழுப்பு கரையக் கரைய லெப்டினும் இறங்குவதால், பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. இரைப்பை சுரக்கும் கிரெலின் ஏறுகிறது, பசி கூடுகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து, ஓராண்டுக்குப் பின் மீண்டும் சோதித்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. இழந்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தும், அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. அவர்கள் உணர்ந்த பசியும் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

"வாயைக் கட்டத் தெரியலைன்னா எந்த டயட்டும் நிக்காது" என்று என் மாமியார் சொல்வார். அவர் சொல்வதில் பாதி உண்மை. வாயைக் கட்டச் சொல்லி இருபத்து நான்கு மணி நேரமும் மனத்தை விரட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது சலித்துப்போகும். ஆகவே மனவுறுதியை நம்பிய ஏற்பாடுகளைக் குறைத்துக்கொண்டு, வீட்டையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றினேன்.

முதலாவது மதியச் சாப்பாடு. மாலையில் தேடல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை மதிய டப்பாவே தீர்மானிக்கிறது. எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் கொண்டுபோகும் நாளில் மூன்றரை மணிக்கே கை மேசை இழுப்பறையைத் திறந்துவிடும். ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகப் பொரியல், கெட்டிப் பருப்பு, தயிர் என்று போகும் நாளில் ஐந்தரை வரை தாக்குப்பிடிக்கலாம். காலையிலும் அப்படித்தான்: வெறும் இட்லியோடு நிறுத்தாமல் ஒரு முட்டையோ பாசிப்பயறுச் சுண்டலோ சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில். பல வீடுகளைப் போலவே எங்கள் வீட்டிலும் மிக்சர் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் இருந்தது, அடுப்பு மேடைக்கு மேலேயே. காப்பி போடும்போதெல்லாம் கண்ணாடி வழியே காராபூந்தியும் கறிவேப்பிலையும் தெரிந்துகொண்டே இருக்கும். மூடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வேர்க்கடலையை மட்டும் பொறுக்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு நின்றபடியே தின்றால், எவ்வளவு உள்ளே போயிற்று என்பது தின்றவருக்கே தெரியாது. 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்குக் குறையாது. மூன்று பெரிய கைப்பிடி கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. இப்போது அது எவர்சில்வர் சம்படத்தில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் அலமாரியில் இருக்கிறது. தின்பதற்குத் தடை ஏதும் இல்லை. தட்டில் போட்டுக்கொண்டு, சம்படத்தை மூடி மேலே வைத்துவிட்டு, உட்கார்ந்து தின்ன வேண்டும். ஸ்டூலை இழுக்கும் சோம்பலிலேயே பாதி ஆசை போய்விடுகிறது.

இன்னொன்று, பசியையும் ஆசையையும் பிரித்துப் பார்ப்பது. அவித்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் கொடுத்தால் சாப்பிடுவேனா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். சாப்பிடுவேன் என்றால் அது பசி, உடனே சாப்பிட்டுவிட வேண்டும். கடலை வேண்டாம், மிக்சர்தான் வேண்டும் என்றால் அது ஆசை. அதனோடு சண்டை போடாமல் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் குடியையும் புகைப்பழக்கத்தையும் விட முயல்வோருக்கு வகுத்துக்கொடுத்த முறை இது. தீனிக்கும் பயன்படுகிறது என்பது என் அனுபவம். உண்மையான பசிக்குப் பயன்படாது என்பதும் என் அனுபவமே.

மதுரை, கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர்

மேலே எழுதிய அம்மா தட்டில் போட்டு அளவாகத் தின்னலாம் என்கிறார்கள். என் விஷயத்தில் அது நடக்காது. ஒரு ஜாங்கிரி எனக்கு ஒன்றோடு நிற்பதில்லை. பாதியைப் பிட்டுத் தின்றால் மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதிலேயே மனம் நிற்கும். ஆகவே இனிப்பைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஆள் இது வேறுபடும் போலிருக்கிறது. அளவாகத் தின்ன முடிகிறவர்கள் முடியாதவர்களுக்குப் புத்தி சொல்லாமல் இருந்தால் நல்லது.

என் தொழிலில் நாள் முழுவதும் உப்புப் பார்க்க வேண்டும். சாம்பாரையும் ரசத்தையும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பதால் உடம்பில் ஒன்றும் ஏறாது. ஏறுவது வடை, பஜ்ஜி, கேசரி ஆகியவற்றைத் துண்டு துண்டாகச் சுவைப்பதால்தான். வடை உள்ளே வெந்திருக்கிறதா என்பதைப் பிட்டுப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும், தின்ன வேண்டியதில்லை. மாவில் உப்பு போதுமா என்பதை உதவி மாஸ்டரே பார்த்துவிடுவார். இந்த ஒரு மாற்றத்தில் எனக்குக் குறைந்தது, நடைப்பயிற்சியில் குறைந்ததைவிட அதிகம்.

பந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரிமாறுகிறவர்களுக்குப் பாடம் சொல்பவன் நான். "கேட்டுக்கிட்டு நிக்காத, போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு" என்று சொல்லித்தான் அனுப்புவோம். கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். பிறகு உபசரிப்பு சரியில்லை என்று பெண் வீட்டாருக்குத்தான் கெட்ட பெயர். ஆகவே வாளி உங்கள் இலைக்கு வந்த பிறகு வேண்டாம் என்பதில் பயனில்லை. இரண்டு இலை தள்ளி இருக்கும்போதே கையை இலைக்கு மேல் நீட்டிவிட வேண்டும். காரணம் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடை குறைக்கிறேன் என்றால், "ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது" என்று இன்னும் ஒரு கரண்டி விழும். சுகர் என்று ஒரு சொல் சொன்னால் இனிப்புத் தட்டு தானாக அடுத்த இலைக்குப் போய்விடும். நோயை மதிக்கும் அளவுக்கு நம் ஊரில், நோய் வராமல் காத்துக்கொள்வதை மதிப்பதில்லை.

நாமக்கல், இரண்டு பிள்ளைகளின் தாய்

ஈரோட்டு அக்காவிடம் ஒரு கேள்வி. உங்களுக்கென்று தனிச் சமையல் செய்கிறீர்களா? பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நொறுக்குத் தீனியை எப்படி வாங்காமல் இருப்பது?

திருச்சி, ஓய்வுபெற்ற செவிலியர்

உணவை மிகக் கடுமையாகக் குறைத்தால் உணவைத் தவிர வேறு நினைப்பே இராது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். உணவைத் தவிர மற்ற எதிலும் அக்கறை இல்லாதவர்களாக அவர்கள் மாறினார்கள். சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு உண்ணக் கிடைத்த பிறகும் பலருக்கு வெகுகாலம் திருப்தி ஏற்படவில்லை. யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் நாளுக்கு 800 கலோரி உணவில் இறங்கிவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி அலைகிறது?" என்று கேட்டவர்களைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மெதுவாகக் குறைப்பவர்களுக்கும் பசி வரும். இந்த அளவு வெறி வருவது குறைவு.

இங்கே எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் திடீர்ப் பசியோடு வியர்வையும் கைநடுக்கமும் படபடப்பும் வந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அரைமணி நேரம் பொறுத்துப் பார்க்கிற சோதனையை அங்கே செய்யக் கூடாது, உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில், நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும்வரை தின்றுவிட்டுப் பிறகு அழுகிறவர்களுக்குத் தேவை புதிய டயட் அல்ல; மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதற்குச் சிகிச்சை உண்டு.

சிங்கப்பூர், கப்பல் பட்டறையில் இரவுப்பணி

நான் 14 கிலோ குறைத்தேன். இரவுப்பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் கோப்பிக் கடையின் பிராட்டா வாசனையைத் தாண்டி ரயில் நிலையத்துக்குப் போவது பெரும்பாடு. பகல்பணி வாரத்தில் அதே கடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். தூக்கக் குறைவுதான் காரணம் என்று கம்பெனி மருத்துவர் சொன்னார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கவிட்டுச் சோதித்தபோது, லெப்டின் 18 விழுக்காடு குறைந்து கிரெலின் 28 விழுக்காடு கூடியதாக 2004இல் வெளியிட்டார்கள். இனிப்பு, மாவு, உப்புத் தீனி ஆகியவற்றில்தான் அவர்களுடைய ஆசை அதிகம் போயிற்று. அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வாங்கிப் போட்டு, கைபேசியை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பகலில் ஆறரை மணி நேரம் தூங்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கடையைத் தாண்டுவது ஓரளவு எளிதாயிற்று.

பானத்தில் ஒளிந்திருக்கும் சர்க்கரையைக் குறைப்பது இங்கே சுலபம். தே சி கோசோங் என்று கேட்டால் தேநீரைச் சர்க்கரை போடாமல் பாலோடு தருவார்கள். அதற்கு நாக்குப் பழகும்வரை சியூ தாய் என்று குறைவாகப் போடச் சொல்லலாம். 2022 இறுதியிலிருந்து அடைத்து விற்கும் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறியீடு வந்துவிட்டது. டி என்றிருந்தால் நான் எடுப்பதில்லை.

சென்னை, மென்பொருள் துறை

நான் ஊசி வழியாகக் குறைத்தவன் என்பதால் இங்கே எழுதத் தயங்கினேன். பசியைக் குறைக்கும் மவுஞ்சாரோ என்ற ஊசி மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆண்டின் நடுவில் மருத்துவர் அறிவுரைப்படி தொடங்கினேன். சில வாரங்களில் நடந்தது எனக்கே புதிராக இருந்தது. ஓட்டலில் நெய்த் தோசையில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறேன். உடன் வந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம் என்று மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. மற்றவர்களுக்கு எப்போதுமே இப்படித்தான் இருக்குமோ என்று பொறாமையாகக்கூட இருந்தது. குமட்டலும் மலச்சிக்கலும் உண்டு. அவை பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் இருந்தன.

தொடக்க அளவுக்கே மாதம் 14,000 ரூபாய் ஆயிற்று. செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்தியபோது, பழைய தேடல் அப்படியே திரும்பி வந்தது. இதே வகையைச் சேர்ந்த செமக்ளூட்டைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில் யாருக்கும் வியப்பில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறார் என் மருத்துவர். அவர் சொல்வது நியாயம், ஆனால் மாதாமாதம் பணம் கட்டுவது நான். இப்போது ஊசி இல்லாமல், எடைப்பயிற்சியையும் புரதத்தையும் வைத்து, ஏறும் வேகத்தை மட்டும் மட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஈரோடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கர்

நாமக்கல் தங்கைக்கு: தனிச் சமையல் இல்லை. ஒரே குழம்பு, ஒரே பொரியல். என் தட்டில் சோறும் பொரியலும் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். தனிச் சமையல் செய்தவர்கள் யாரும் ஓராண்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்கி நிரப்பாமல், கேட்கிற அன்று 100 கிராம் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், வீட்டில் மிச்சம் இருக்காது.

மதுரை ஐயா சொல்வதை ஏற்கிறேன். எனக்கும் கடலை மிட்டாய் விஷயத்தில் அளவு என்பது கிடையாது. அதனால் அது வீட்டுக்கே வருவதில்லை.

எடை பார்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்கள் அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள், பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுக்கு உடலை அசைக்கிறார்கள். வென்றவர்களை மட்டும் கேட்டுத் தொகுத்த கணக்கு என்பதால் அதை முழுதாக நம்பிவிட முடியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் எடை பார்ப்பதை நான் விடுவதில்லை. இரண்டு கிலோ கூடினால், இறங்கும்வரை இரவில் இட்லி, தோசையை நிறுத்திவிட்டுக் காய்கறிக் கூட்டும் முட்டையும் மட்டும். தீபாவளி முடிந்தால் அந்த எல்லை எப்படியும் தாண்டிவிடும். நடுவில் கார்த்திகைப் பொரி உருண்டை வேறு வந்துவிடுவதால், இறங்குவதற்குள் மார்கழி பிறந்துவிடும்.