மறு: மறு: கோரம் சென்சிங் – வெள்ளி மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

ம., திருச்சி (செவ்வாய் இரவு)

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரியின் நான்கு துறைகளிலிருந்து வந்த ஆய்வுச் சுருக்கங்களைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி மாலை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இயந்திரவியலில் உலோகத்தின் ஃபட்டீக்கை ‘அயர்ச்சி’ என்று போட்டுவிட்டேன். கல்வியியலில், கற்பவருக்குத் தற்காலிகமாகக் கைகொடுக்கும் ஸ்கஃபோல்டிங்குக்குச் ‘சாரங்கட்டல்’. வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் அதை எழுதியபோது கொத்தனார் கட்டும் சாரத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள், அதனால் தொல்லை இல்லை. வணிகவியலில் ஆண்-பெண் ‘ஊதிய இடைவெளி’. மாட்டிக்கொண்டது நுண்ணுயிரியலில்: கோரம் சென்சிங் (quorum sensing).

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளியே விடுகின்றன. கூட்டம் பெருகப் பெருக அந்த மூலக்கூறின் செறிவும் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புதிய மரபணுக்களை இயக்குகின்றன. சில ஒளிரும், சில நஞ்சு சுரக்கும், சில படலம் கட்டும். எங்கள் ஆய்வு மாணவி எடுத்துக்கொண்டது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா.

அப்படியே ஒலிபெயர்த்தால் ‘கோரம்’ ஆகிவிடுகிறது. படிப்பவர் பாக்டீரியாவின் முகலட்சணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைப்பார். உதவுங்கள்.

ந., சென்னை

சட்டமன்றத்தில் கோரத்தைக் ‘குறைவெண்’ என்றுதானே சொல்கிறார்கள்? குறைவெண் உணர்தல். முடிந்தது. அடுத்த சொல்?

ச., பெங்களூரு

> முடிந்தது.

முடியவில்லை. அவையைக் கூட்டக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற பொருளில் குறைவெண் சரி. மக்களவைக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் ‘குறைவெண் உணர்தல்’ என்று சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் பாக்டீரியா விழித்துக்கொள்ளும் என்று எழுதிவைப்பார். நடப்பது நேர் எதிர்.

அ., யாழ்ப்பாணம்

எங்கள் நாடாளுமன்றத்தில் அதற்குக் ‘கூட்ட நடப்பெண்’ என்று பாவிக்கிறோம். இருபது பேர் இருந்தால் போதும். விளங்கக்கூடிய சொல்தான், ஆனால் ‘கூட்ட நடப்பெண் உணர்தல்’ என்று பரீட்சைத் தாளில் எழுதப் பிள்ளைகளுக்கு நேரம் காணாது. இன்னொன்று, இங்கே உயர்தரத்தில் ‘பற்றீரியா’ என்றுதான் எழுதுவார்கள். சுருக்கத்தின் முதல் வரியிலேயே நானும் நீங்களும் பிரிந்துவிட்டோம்.

வே., தஞ்சாவூர் (புதன் விடியற்காலை)

ம. அம்மையாருக்கு,

அவசரத்தில் சொல் பிறக்காது. மூலத்தைப் பார்ப்போம். கோரம் என்பது இலத்தீனில் பெயர்ச்சொல்லே அன்று. ‘எவர்களுடைய’ என்னும் ஆறாம் வேற்றுமைப் பன்மை. இங்கிலாந்தில் நீதிநடுவர்களை அமர்த்திய ஆணைகளில், ‘இவர்களுள் இன்னார் ஒருவராயிருத்தல் வேண்டும்’ என்ற கருத்தில் ஒரு தொடர் வரும். அத்தொடரின் முதற்சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. நன்னூலார் ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் அதுவும் ஆதுவும், பன்மையில் அகரமும் உருபு என்றார்; ‘தன கைகள்’ என்பது போல. ஆகக் கோரத்துக்கு நேர்த் தமிழ் தேடினால் கையில் மிஞ்சுவது ஓர் அகரம்.

எனவே பொருளைப் பிடிக்க வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இளையோரும் முதியோரும் உட்பட மகாசபையை நிரம்பக் கூட்டியதைப் பேசுகின்றன. அந்த ‘நிரம்ப’ என்பதைக் கவனியுங்கள். நிரம்பெண், நிறைவெண் என்று சொல்லாமல் குறைவெண் என்று யார் முதலில் எழுதினாரோ!

அதைவிட நல்ல சொல் ஆயத்தமாகவே இருக்கிறது. திருக்குறள் எழுபத்திரண்டாம் அதிகாரம்: அவையறிதல். அதற்கு முந்தைய அதிகாரம் குறிப்பறிதல். முதலில் குறிப்பை அறிவது, பிறகு அவையை அறிவது. உங்கள் நுண்ணுயிர் செய்வதும் இதே வரிசையில்தானே?

ந., சென்னை

ஐயா, குறிப்பறிதல் காமத்துப்பாலிலும் ஓர் அதிகாரம். பாக்டீரியாவை எந்தப் பாலில் வளர்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அ., யாழ்ப்பாணம்

வே. ஐயா பொறுத்தருள வேண்டும். நன்னூலின் அந்த அகரம் உடைமை பன்மையாக வரும்போது சேர்வது. கைகள் பல, ஆள் ஒருவர். இலத்தீனில் பன்மை உடையவர் பக்கம். இரண்டும் ஒன்றல்ல. தவிரவும், ‘இவர்களுள் ஒருவர்’ என்று பிரித்தெடுத்துச் சொன்னால் தமிழில் அது ஏழாம் வேற்றுமை. ஆக அகரமும் மிஞ்சாது.

வே., தஞ்சாவூர்

அ. அவர்கள் சொன்னது சிந்திக்கத்தக்கது. ஏழாம் வேற்றுமை என்றால் ‘உள்’. உள்ளறிதல்?

ச., பெங்களூரு

வேண்டாம் ஐயா, அது தியானம்.

அவையறிதல் கேட்க அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வள்ளுவர் பேசுவது கேட்பவர்களின் தரத்தை. ஒளியார்முன் ஒரு பேச்சு, வெளியார்முன் இன்னொரு பேச்சு. தலை எண்ணும் வேலை அங்கே இல்லை. முதற்குறளில் ‘சொல்லின் தொகையறிந்த’ என்று வருவதை யாராவது எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொகை எண்ணிக்கை அல்ல, பரிமேலழகர் ‘குழு’ என்கிறார்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் ஒளிரும் விப்ரியோ பாக்டீரியாவில் இதைக் கண்டபோது வைத்த பெயர் ‘ஆட்டோஇண்டக்‌ஷன்’, தன்தூண்டல். சட்ட வாடையே கிடையாது. 1994இல் ஃபுக்குவா, வினன்ஸ், கிரீன்பெர்க் எழுதிய கட்டுரையில்தான் கோரம் நுழைந்தது. அதுவும் வினன்ஸின் உறவினரான ஒரு வழக்கறிஞர், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்ன சொல். ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன உவமையை நாம் கல்வெட்டுவரை போய்த் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த உவமை சரியா என்பதே வழக்கில் இருக்கிறது. 2002இல் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு, செல் தன் கூட்டத்தை எண்ணுகிறது என்று ஏன் கொள்ளவேண்டும், விட்ட மூலக்கூறு அடித்துச் செல்லப்படுகிறதா தங்குகிறதா என்று மட்டும் சோதிக்கலாமே என்று கேட்டார். தனிச் செல் ஒரு சிறு பொந்தில் அடைபட்டாலும் செறிவு ஏறும். அங்கே அவையும் இல்லை, எண்ணும் இல்லை. செல் உண்மையில் அளப்பது செறிவு. என் வாக்கு ‘செறிவுணர்தல்’.

ம., திருச்சி

ச. சொல்வது அறிவியலுக்குப் பொருந்துகிறது. ஆனால் செறிவுணர்தல் என்றால் உப்பின் செறிவா, சர்க்கரையின் செறிவா என்ற கேள்வி வரும். பாக்டீரியா பல பொருள்களின் செறிவை உணர்ந்துகொண்டே இருக்கிறது. வகுப்பில் நான் முதலில் சொல்வது ஹவாய்க் கடலின் குட்டைவால் கணவாய். அதன் ஒளியுறுப்புக்குள் விப்ரியோ நெருக்கியடித்துப் பெருகி இரவில் ஒளிர்கிறது. நிலா வெளிச்சத்தில் கணவாயின் நிழல் கீழே இருப்பவற்றின் கண்ணில் படாமல் போகிறது. விடிந்ததும் கணவாய் ஏறக்குறைய 95 விழுக்காடு பாக்டீரியாவை வெளியே தள்ளிவிடும். கடல்நீரில் சிதறியவை அணைந்துபோகும், உள்ளே மிஞ்சியவை மறுபடி பெருகவேண்டும். இந்தக் கதைக்குக் கூட்டம் என்ற கருத்து வேண்டும். ‘திரளுணர்தல்’ என்றால் என்ன?

வே., தஞ்சாவூர் (புதன் இரவு)

உணர்தலா அறிதலா என்பதை முடிக்காமல் முன்பாதிக்குத் தாவ வேண்டா. தொல்காப்பிய மரபியல் ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்கிறது. ஓரறிவு உயிர் தொட்டே அறியும். மூலக்கூறு ஏற்பியில் வந்து பொருந்துவது உற்றறிதல் அன்றி வேறென்ன? ‘திரளுற்றறிதல்’ எனலாம். ச. எழுதிய தன்தூண்டலும் புணர்ச்சிப்படி ‘தற்றூண்டல்’ ஆகவேண்டும்.

இன்னொன்று. அம்மையார் ‘ஊதியம்’ என்று போட்டது எனக்கு நெருடுகிறது. ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்ற இடத்தில் ஊதியம் என்பது பயன், ஆதாயம். வேலைக்கு ஈடாகப் பெறுவது கூலி. கூலம், அதாவது தானியம், அதிலிருந்து வந்தது. சம்பளமோ சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று பாவாணர் வழியினர் சொல்வர். உரோமானியரின் சலாரியமும் உப்பிலிருந்து வந்ததே.

ந., சென்னை

ஐயா, ஆண்-பெண் ஊதிய வேறுபாட்டை ஆராய்ந்த கிளாடியா கோல்டினுக்கு 2023இல் பொருளியல் நோபல் கிடைத்தபோது தமிழ்ச் செய்திகளில் ஊதியம் என்றுதான் படித்தேன். பெண்களுக்குக் குறைத்துக் கொடுப்பது நெல்லா உப்பா என்பதைப் பிறகு பார்க்கலாம். வெள்ளி வருகிறது. ‘தற்றூண்டல்’ என்று எழுதினால் மாணவர் தூண்டலைத் தேடி அகராதியில் ‘றூ’ வரிசைக்குப் போவார்.

அ., யாழ்ப்பாணம்

ஒரு சோதனை வைப்போம். சொல் குட்டி போடவேண்டும். கோரம் குவென்சிங் என்று ஒன்று இருக்கிறதல்லவா, சமிக்ஞை மூலக்கூறை நொதி கொண்டு உடைத்துவிடுவது? அதற்கு என்ன சொல்வீர்கள்?

வே., தஞ்சாவூர்

அவை கலைத்தல்.

ச., பெங்களூரு

இது நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே எந்த அவையும் கலைவதில்லை. பாக்டீரியாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், பெருகவும் செய்யும். ஒன்றின் குரல் மற்றதற்கு எட்டாது, அவ்வளவுதான். ‘திரள் கலைத்தல்’ என்றால் இன்னும் மோசம், அது படலம் பிரிந்து சிதறுவது, வேறு நிகழ்வு. மாணவி எழுதிய சுருக்கத்தில் இரண்டும் வருகின்றன. குழப்பினால் முடிவே தலைகீழாகும்.

ம., திருச்சி (வியாழன் இரவு)

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் திரளுணர்தலுக்குப் பக்கம் ஆள் கூடுதல். யாரும் அதை விரும்பி ஆதரித்ததாகத் தெரியவில்லை, எதிர்க்கக் களைத்துப்போயிருக்கிறார்கள். முதல் இடத்தில் அடைப்புக்குள் கோரம் சென்சிங் என்றும் போடுகிறேன். குவென்சிங்குக்குச் ‘சமிக்ஞை முறித்தல்’. ஊதியம் ஊதியமாகவே இருக்கும்.

வே., தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. உணர்தல் மனத்தின் தொழில். மனமில்லாததற்கு அதை ஏற்றுவது மரபுவழு. அவையறிதலை இழந்ததற்குப் பின்னால் வருபவர்கள் வருந்துவார்கள். ‘சமிக்ஞை’ வடசொல் என்பதையும் பதிவு செய்கிறேன். ‘குறிப்பு முறித்தல்’ என்றிருக்கலாம்.

அ., யாழ்ப்பாணம் (வெள்ளி பிற்பகல்)

பிந்தி எழுதுகிறேன். ‘திரள்’ என்றவுடன் எனக்குப் பால் திரள்வதுதான் ஞாபகம் வருகிறது. பற்றீரியாவும் பாலும் ஒரே பாடத்தில் வருபவை. புளித்த பாலில் எது திரளுகிறது, எது உணருகிறது என்று பிள்ளைகள் கேட்டால் மறுமொழி சொல்லக் கஷ்டம். ‘நெருக்கமுணர்தல்’ என்று யோசித்துப் பார்க்கலாமா?

ம., திருச்சி

கோப்பு மதியமே போய்விட்டது. அடுத்த தொகுப்புக்கு வைத்துக்கொள்வோம்.