றெயிட் பற்றரி மாற்றியபின் சேர்வர் தொடங்கவில்லை: நான்கு வன்தட்டுகளும் காணவில்லையாம்

அச்சகத்தான்:
வணக்கம். யாழ் நகரில் சிறிய அச்சகம் நடத்துகிறோம். பக்க வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சேர்வரில் இருக்கின்றன. மெகாறெயிட் 9260-8i அட்டை, நான்கு வன்தட்டுகள், றெயிட் 5 (நான்கும் ஒரே தொகுதியாக இயங்கும் முறை). அட்டையின் பற்றரி பழுதென்று நெடுநாளாக எச்சரிக்கை வந்தது. கொழும்பிலிருந்து புதியதை எடுப்பித்து, சேர்வரை முறையாக நிறுத்தி, அட்டையைக் கழற்றிப் பொருத்தினோம். இப்போது, முன்பிருந்த தட்டுகள் ஒன்றும் இல்லை, கேபிள்களைப் பார்க்கவும் என்று திரையில் செய்தி வருகிறது. ஏதாவது விசையை அழுத்தினால் அதைத் தாண்டுகிறது. பிறகு தொடங்குவதற்குத் தட்டு இல்லை என்று நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை கோவில் திருவிழா மலர் அச்சேற வேண்டும். புதிய பற்றரிதான் பிழையா?

நல்லூரான்:
பழைய அளவுகளிலேயே றெயிட்டைப் புதிதாக உருவாக்கிவிடுங்கள். தரவு அப்படியே இருக்கும்.

பழங்கம்பி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! தட்டுகளின் வரிசை ஒன்று மாறினாலே போதும், மலரும் இல்லை, அச்சகமும் இல்லை. வேறு வழியே இல்லாதவர்கள் செய்யும் வேலை அது.

பற்றரியில் பழி போட வேண்டாம். பற்றரியே இல்லாவிட்டாலும் அட்டை தட்டுகளைக் காட்டும். எழுதும் வேகம் மட்டும் குறையும். நான்கு தட்டுகள் ஒரே நாளில் சாவதும் இல்லை. அந்த அட்டையில் இரண்டு இணைப்பிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டுகள். ஆகவே உங்களுடைய நான்கும் பெரும்பாலும் ஒரே கேபிளில் இருக்கும். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, அந்தக் கேபிளைக் கழற்றி, கொளுவி பிடிக்கும் சத்தம் கேட்கும்வரை செருகுங்கள்.

அதன்பின் 'அந்நிய அமைப்பு' கண்டதாகச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். விசையை அழுத்தித் தாண்டியபோது அட்டை தன் பதிவிலிருந்து அந்தத் தொகுதியை நீக்கியிருக்கும். தட்டுகளில் உள்ள விவரம் அப்படியே இருக்கிறது. 'எஃப்' அழுத்தி இறக்குமதி செய்யுங்கள். அந்த விவரத்தை அழிக்கும் 'கிளியர்' பக்கமே போகாதீர்கள். ஒரு தட்டு மட்டும் முன்பே விலகி, மற்றவற்றில் எழுத்து தொடர்ந்திருந்தால், விலகியதில் பழைய தரவே இருக்கும், அப்போது யோசிக்கச் சொல்வேன். உங்களுடையவை நான்கும் ஒன்றாகவே விலகின.

வடமராட்சி:
முறையாக நிறுத்தியது உறுதிதானா? மின்வெட்டில் அணைந்திருந்தால், பற்றரி காக்கும் கேஷில் (அட்டையின் தற்காலிக நினைவகத்தில்) தட்டுக்கு எழுதாமல் கிடந்தது பழைய பற்றரியோடு போயிருக்கலாம்.

அச்சகத்தான்:
உறுதி, நிறுத்தற் கட்டளை கொடுத்துத்தான் அணைத்தோம். கொளுவி ஒரு பக்கம் பிடிக்காமல் இருந்தது. இப்போது இறக்குமதி முடிந்து நான்கும் தெரிகின்றன. ஆனாலும் தொடங்க மறுக்கிறது.

பழங்கம்பி:
தொடங்கும்போது கன்ட்ரோலும் எச்சும் அழுத்தி வெப்பயோஸுக்குள் (அட்டையின் அமைப்புத் திரைக்குள்) போங்கள். அந்தத் தொகுதியைத் தொடக்கத் தட்டாகக் குறியுங்கள். பிறகு மதர்போர்ட் பயோஸில் வரிசையையும் பாருங்கள், அட்டையைக் கழற்றியதில் அது மாறியிருக்கலாம்.

அச்சகத்தான்:
தொடங்கிவிட்டது! மிக்க நன்றி அண்ணை. ஆனால் சேமிப்பதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். 'எப்போதும் ரைட்-பேக்' என்றொரு தெரிவு இருக்கிறது, போடலாமா?

பழங்கம்பி:
வேண்டாம். ரைட்-பேக் என்றால் முதலில் கேஷில், பிறகே தட்டில் எழுதுவது. பற்றரி நிறையும்வரை அட்டை ரைட்-த்ரூவில்தான், அதாவது நேரே தட்டில்தான் எழுதும், நிறைந்ததும் தானாகத் திரும்பும். இப்போது வற்புறுத்தினால் அடுத்த மின்வெட்டு கேஷில் உள்ளதைக் கொண்டுபோய்விடும். பற்றரி நிலையை மெகாசிஎல்ஐ என்ற கட்டளை நிரல் காட்டும். நாளைக்கும் இப்படியே இருந்தால் எழுதுங்கள், அப்போது பற்றரியைச் சந்தேகிப்போம். அதற்கு முன் மலர்க் கோப்புகளை வேறொரு தட்டில் பிரதி எடுத்துவிடுங்கள்.