தலைஞாயிறு பக்கம் வீடு கட்டணும், வெள்ளமும் உப்பும் தாங்க வழி சொல்லுங்க

அண்ணன் அக்கா எல்லாருக்கும் வணக்கம். 2018 கஜா புயல்ல எங்க ஓட்டு வீடு போச்சு, இப்பதான் அம்மா அப்பாவுக்கு ஒரு வீடு கட்ட காசு சேந்துருக்கு.

கொத்தனார் மண்ணடிச்சு பேஸ்மட்டத்த நாலடி தூக்கிரலாம்ங்கிறாரு. எனக்கு மனசு ஒப்பல, நாம மேடாக்குனா தண்ணி பக்கத்து வீட்டுக்குள்ளதான போகும். சீர்காழில 2022 நவம்பர்ல ஒரே நாள்ல 44 செ.மீ. கொட்டுச்சு, அப்பேர்ப்பட்ட மழையில கடலும் ஏறி நின்னா ஆத்துத்தண்ணி வடியாம எதுத்துக்கிட்டு நிக்கும், கடல்மட்டம் உயர உயர இது மோசமாத்தான் ஆகும். அதனால தூண் மேல வீட்ட தூக்கி கீழ தண்ணி ஓட விட்டுரலாம்னு பாக்குறேன்.

ஆனா கம்பிதான் பயமா இருக்கு. இங்க பழைய சன்ஷேடு அடியில பாத்தா காரை பேந்து கம்பி துருப்புடிச்சு ஏடு ஏடா உதிருது. உப்புக்காத்துல நேரா நிக்கிற கட்டடத்துக்கு ஐஎஸ் 456 (காங்கிரீட் வேலைக்கான இந்திய தரவிதி) படி எம்30 வலுவுள்ள காங்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் (கம்பிய மூடி நிக்கிற காங்கிரீட் கனம்) வேணும், கொத்தனார் 25 போதும்ங்கிறாரு. ஸ்லாக் சிமெண்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) உப்புக்கு நல்லா தாங்கும்ங்கிறாங்க, நம்ம பக்கம் எங்க கெடைக்கும்? போர் தண்ணி கரிக்குது, கலவைக்கு நல்ல தண்ணி லாரிலதான் எறக்கணும்.

மண்ணு களி, கோடைல வெடிக்கும் மழைல ஊதும். நாகை, திருவாரூர் பக்கம் அண்டர்ரீம்டு பைல் (மண்ணுக்குள்ள எறக்குற, அடியில குமிழ் மாதிரி அகலமான தூண் அஸ்திவாரம்) போட்டவங்க இருந்தா செலவு எவ்ளோ ஆச்சுன்னு சொல்லுங்க. செப்டிக் டேங்க் வெள்ளத்துல பொங்காம இருக்க என்ன பண்ணுனீங்க? தை பொறந்ததும் வேலை ஆரம்பிக்கணும், தெரிஞ்ச இன்ஜினியர் இருந்தாலும் சொல்லுங்க.