கிளையிலேயே டொமைன் கன்ட்ரோலர் இருந்தும் லாகின் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது

வணக்கம். எங்கள் கிளையில் லாகினைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலர் (டிசி) ஒன்று நன்றாகவே ஓடுகிறது. கேபிளில் இருப்பவர்கள் அதில்தான் லாகின் ஆகிறார்கள். புது வைஃபை சப்நெட்டில் (அதற்கென்ற தனி ஐபி முகவரி வரம்பில்) மட்டும் 'செட் லாகன்சர்வர்' என்று அடித்தால் தலைமை அலுவலக சர்வரின் பெயர் வருகிறது. காலையில் டெஸ்க்டாப் வரவே அவ்வளவு நேரம், பாவம்.

எந்த சப்நெட் எந்த இடத்தைச் (சைட்) சேர்ந்தது என்று குறிக்கும் சைட்ஸ் அண்ட் சர்வீசஸில் அந்த சப்நெட்டைக் கிளை சைட்டோடு சேர்த்தாயிற்று. டிசியைத் தேடிக் காட்டும் என்எல்டெஸ்ட் கட்டளையை, புதிதாகத் தேடும்படி ஃபோர்ஸ் கொடுத்து ஓட்டினால், கணினியின் சைட் கிளை என்று சரியாக வருகிறது. டிசியின் சைட் மட்டும் தலைமை அலுவலகம். டிசி எங்கே என்று சொல்லும் டிஎன்எஸ் எஸ்ஆர்வி ரெக்கார்டுகளும் இருக்கின்றன. கிளை டிசியின் டிசிபி 389 போர்ட் திறக்கிறது. ஆனால் டிசியைத் தேடும் எல்டாப் பிங் யூடிபி 389-இல் அல்லவா போகிறது? ஃபயர்வால் அதைத்தான் தடுக்கிறதோ என்று சந்தேகம்.

ஃபயர்வால் வேறு குழுவின் கையில். ஆதாரத்தோடு போனால்தான் வேலை நடக்கும். யூடிபியை கிளையன்ட்டிலிருந்தே எப்படிச் சோதிப்பது? வேறு எங்கே பார்க்கலாம்?